பதினான்காம் தூணுக்குக் கிழக்கே

குற்றச்சாட்டு இதுதான். மார்ச் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு, வீட்டு அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றின் மேலாளர், அங்கே பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஃபிட்டர் ஒருவரைத் தம் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை. ஒரு பக்க மெமோவை நீட்டினார். கடந்த பதினான்கு மாதங்களில் அந்த ஃபிட்டர் பூட்டிய பதினொரு அலமாரிகளின் கதவுகள், வாங்கியவர்கள் வீட்டில் சரியாக மூடவில்லை என்றும், அதற்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு என்றும், மறு உத்தரவு வரும்வரை அவர் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போகாமல் கிடங்கில் பெட்டி பிரிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அவரிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. அந்தப் பதினொரு அலமாரிகளும் எந்த இடத்தில் நிறுத்திப் பூட்டப்பட்டவை என்று எவரும் பார்க்கவில்லை. கவனக்குறைவு என்ற சொல்லுக்கு ஆதாரமாக ஒரு துண்டுத்தாள்கூட இணைக்கப்படவில்லை.

மெமோ பெற்றவரைக் கடையில் அனைவரும் ரசீது என்றுதான் அழைப்பார்கள். யாருக்கு எதைக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார், யாரிடம் எதைப் பெற்றாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதனால் வந்த பெயர் அது. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர், மூட்டை இறக்குபவராக அந்தக் கடைக்குள் நுழைந்தவர். அலமாரிப் பெட்டிகளுக்குள் வரும் செய்முறைத் தாள்களை மற்றவர்கள் அட்டையோடு கசக்கி எறிவார்கள். அவர் அவற்றைப் பொறுக்கி எடுத்து, நீவி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படம் படமாகப் படித்தார். எந்த ஆணி எந்தத் துளைக்கு, எந்தக் கீல் எந்தப் பக்கம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவை அந்தத் தாள்கள்தாம். இரண்டு வருடத்தில் மூட்டை இறக்குபவர் ஃபிட்டராகிவிட்டார். அந்தத் தாள்கள் இன்றும் அவர் வீட்டு மேல்தட்டில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. தன்னுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடினால், குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டைக்கும் சைக்கிள் வாங்கிய பில்லுக்கும் நடுவிலிருந்துதான் வரும் என்று அவர் மகள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மெமோவை வாங்கிய அன்றும் அவர் தம் வழக்கத்தை விடவில்லை. கருவிப் பையை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார், ஆனால் பட்டியல் எழுதி. சுத்தியல் ஒன்று, திருப்புளி ஐந்து, அவற்றில் நுனி தேய்ந்தது ஒன்று, ரசமட்டம் ஒன்று, பாதி தீர்ந்த பென்சில் ஒன்று என்று முப்பத்தொரு உருப்படிகள். தேய்ந்த திருப்புளிக்கெல்லாமா கையெழுத்து என்று மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

கிடங்கு வேலை கேவலமானது என்று அவர் நினைக்கவில்லை. அவரை உறுத்தியது வேறு. அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாத வீடுகளுக்குள் போவதுதான் அவருக்கு உயிர். செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே நுழையும்போது அறை நடுவில் பலகைகள் அடுக்காகக் கிடக்கும். இரண்டு மணி நேரத்தில் அவை எழுந்து நிற்கும். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள், மூடிப் பார்ப்பார்கள், மறுபடியும் திறந்து பார்ப்பார்கள். புது அலமாரியில் முதன்முதலாக எதை வைப்பது என்று கணவனும் மனைவியும் செல்லமாகச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இனி அது கிடையாது என்பது அவருக்கு அடிமடியில் கை வைத்தது போல இருந்தது. ஒரே சொல்தான் குறுக்கே நின்றது. கவனக்குறைவு.

கடை இருந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு காலத்தில் நூற்பாலை. ஆலை மூடி, கட்டடம் கைமாறி, வணிக வளாகமானது. இயந்திரங்கள் ஓடிய மாடிகளில் துணிக்கடை, பொம்மைக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை. ரசீது வேலை பார்த்த கடை பதினெட்டு ஆண்டுகள் முன்கட்டடத்தில் இருந்தது. அந்த இடம் திரையரங்குக்கு வேண்டும் என்று வளாக நிர்வாகம் கேட்டதால், பதினான்கு மாதங்களுக்கு முன்பு பின்கட்டு நீளக் கூடத்துக்கு மாறியது. இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும் கூடம் அது. தூண்களில் வெள்ளையில் எழுதியிருந்த ஆலைக் காலத்து எண்களை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்திருந்தது. பழைய கல்தரைமேல் மரநிறப் பலகை ஒட்டி, மேலே மஞ்சள் விளக்குகள் போட்டு, பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரல் வைக்கும்படி செய்திருந்தார்கள்.

புதுக் கூடத்துக்குப் புதுக் கட்டளை ஒன்றும் வந்தது. பார்வைக்கு வைத்திருக்கும் அலமாரிகளின் அடியில் அட்டையோ மரச்சில்லோ செருகக் கூடாது, அசிங்கமாகத் தெரியும் என்றார்கள். ரசீது மறுத்துப் பேசவில்லை. அலமாரியை நிறுத்துவார். இரண்டு கதவுகளின் மேல்விளிம்பும் ஒன்றுக்கொன்று ஏற இறங்க இருக்கும். கீல்களில் உள்ள சிறு திருகாணிகளை அரைச் சுற்று, கால் சுற்று எனத் திருகி, கதவுகள் இரண்டும் ஒரே கோட்டில் வரும்வரை விட மாட்டார். இடைவெளியில் காசு ஒன்றை நுழைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்ப்பார். எங்கும் சிக்காமல் வந்தால்தான் உட்கதவில் தம் கையெழுத்துச் சீட்டை ஒட்டுவார். விற்பனைப் பருவம் முடிந்ததும் அந்த அலமாரிகளைப் பூட்டியபடியே விற்று, பிரிக்காமல் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அவற்றோடு ஃபிட்டர் போவதில்லை. போக வேண்டிய அவசியம் முன்கட்டடத்தில் இருந்தவரை ஒரு நாளும் வந்ததில்லை.

மெமோ கிடைத்தபின் ரசீது புகார்ச் சீட்டுகளின் நகல்களைக் கேட்டு வாங்கிவிட்டார். ஒருவர் கதவு உரசுகிறது என்றிருந்தார். ஒருவர் கதவுகள் கோணலாக நின்று பல்லிளிக்கின்றன என்றிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அலமாரிக் கதவு தானாகவே மெல்லத் திறந்துகொள்வதாகவும், தம் கணவர் இப்போது அந்த அறையில் சட்டை மாற்றுவதில்லை என்றும், இதற்கு நிறுவனம்தான் பொறுப்பு என்றும் மூன்று பக்கம் எழுதியிருந்தார். ரசீதுக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போயிற்று. தேதி போட்டு, பக்க எண் போட்டு எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பதினொரு புகார்களையும், அந்தந்த அலமாரி எந்தத் தூணருகே எப்போது நிறுத்தப்பட்டது என்று தாம் வைத்திருந்த சீட்டுகளையும் பரப்பினார். அதே மாதங்களில் விற்றுப்போன, புகார் எதுவும் வராத இருபத்தாறு அலமாரிகளின் சீட்டுகளையும் எதிரில் அடுக்கினார். அவருடைய மனைவி துவைத்த துணி வாளியோடு அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தாள். அவளும் அதே கடைக்குத்தான் உழைத்தாள். வளாகத்தின் மாடியில் ஒரு சிறு தையல் அறையில் கடைக்கு வேண்டிய திரைகளைத் தைத்துக் கொடுப்பவள். அவள் வாய்க்கு மேலாளரே கொஞ்சம் பயப்படுவார்.

சமையலறைக்குப் போகக் கொஞ்சம் வழி விடும்படியும், இல்லையென்றால் தனக்கும் ஒரு அனுமதிச் சீட்டு எழுதித் தரும்படியும் அவள் கேட்டாள். அவர் காதில் அது விழவில்லை. புகார் வந்த பதினொன்றும் பதினான்காம் தூணுக்குக் கிழக்கே நின்றவை. புகார் வராத இருபத்தாறும் மேற்கே நின்றவை. ஒன்றுகூட மாறவில்லை. இதை அவர் உரக்கச் சொன்னார். ஈரக்காற்றா, சுவரா, கிழக்கு ஜன்னல் வெயிலில் பலகை முறுக்கிக்கொள்கிறதா என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார்.

பதில் வராததைக் கண்டு நிமிர்ந்தார். மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றிருந்தாள். அவள் பேசாமல் நிற்பது அந்த வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை நடந்தால் அதிகம்.

"பதினாலாம் தூணுக்குக் கிழக்கயா?"

"ஆமா. ஏன்?"

"அந்தப் பக்கம் தொங்குற கர்ட்டன் எல்லாம் நான் தச்சது."

"அது எனக்குத் தெரியுமே."

"தெரியாதது ஒண்ணு இருக்கு. சொன்னா அதையும் எழுதி வச்சுக்குவீங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்த இடத்துக்கு மட்டும் கிழக்குப் பக்கம் நீளம் கூட விட்டுத் தைக்கிறேங்க. பத்தடி அகலத்துக்கு ஒரு இஞ்ச். இல்லன்னா அந்தப் பக்கம் தரையத் தொடாம தூக்கிக்கிட்டு நிக்குது. மொதல்ல என் கத்திரிதான் கோணிப் போச்சுன்னு நெனச்சேன். இத்தன வருஷம் தச்சவ, நேரா வெட்டத் தெரியலன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு யார்கிட்ட போய்ச் சொல்றது? சத்தமில்லாம சரி பண்ணிட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க கீலத் திருகித் திருகிச் சரி பண்ணத என்கிட்ட சொன்னீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே கணவன் திருப்புளியாலும், மேலே மனைவி ஊசியாலும், ஒருவருக்கொருவர் தெரியாமல் பதினான்கு மாதங்களாக ஒரே கோணலை மறைத்து வந்திருக்கிறார்கள். முதலில் சிரித்தது அவள்தான். உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த மகள், பெற்றோர் காகிதங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பதைக் கண்டு, சரிதான் என்று திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை காலை, கடை திறக்குமுன் தரை துடைக்கும் அக்காவிடம் போனார். அந்த அக்கா ஆலை வளாகமான நாள் முதல் அங்கே துடைப்பவர், வயதில் மூத்தவர். பதினைந்தாம் தூணருகே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா என்று ரசீது அனுமதி கேட்டார். எதற்கு என்று விசாரித்தார் அக்கா. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க என்றார்.

"அதுக்கு எதுக்குத் தம்பி ஊத்திப் பாக்கணும்? கிழக்குச் செவுத்துக்குத்தான் போகும். அதனாலதான் நான் மேற்கேருந்து தள்ளிக்கிட்டு வரேன். பாதி வேலையத் தரையே செஞ்சுடுது."

"இத ஏன்கா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

ஆனாலும் அவர் ஊற்றினார், ஓடிய தூரத்தை அளந்தார், நேரம் குறித்தார். அக்கா சொன்னதை நான்கு வரியில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டார். தண்ணீர் கிழக்கே போகும் என்பதைத் தவிர இதில் வேறெதற்கும் தாம் பொறுப்பில்லை என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டு அக்கா கையெழுத்திட்டார்.

இன்னும் ஒரு தாள் தேவைப்பட்டது. தரை ஏன் சரிந்தது என்று சொல்லும் தாள். அது எங்கே கிடைக்கும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, அது பத்து மாதங்களாகக் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. வளாகத்துத் தேநீர்க் கடைச் சுவரில், அழகுக்காக, ஆலையின் பழைய வரைபடம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்து எத்தனையோ முறை தேநீர் குடித்திருக்கிறார். அன்று குவளையைக் கையில் வைத்தபடியே எழுந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றார்.

பரிமாறுபவர் வந்து, எல்லோரும் இந்தப் படத்துக்கு முன்னால் நின்றுதான் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

"படிச்சவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார் ரசீது.

வரைபடத்தில் பின்கட்டு இருந்தது. இருபத்திரண்டு தூண்களும் இருந்தன. பதினான்கு வரை உலர்த்தும் கூடம், தரை சமம். பதினான்கிலிருந்து இருபத்திரண்டு வரை சாயம் அலசும் கூடம். அங்கே பொடி எழுத்தில், தரை கிழக்கு வடிகாலை நோக்கிப் பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு என்று குறித்திருந்தார்கள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சாயத் தண்ணீர் வடிவதற்காக எவரோ ஒரு கொத்தனார் அளந்து, அக்கறையோடு போட்ட சரிவு அது. வடிகாலைப் பலகையால் மூடி, மேலே படுக்கையறைகளை அடுக்கியவர்களுக்கு அது தெரியாமல் போயிற்று. அதாவது, சரிந்த தரையில் நேராகத் தெரியும்படி அவர் திருகிய கதவு, நேரான தரையுள்ள வீட்டுக்குப் போனதும் கோணிக்கொண்டது. அவர் எவ்வளவு கவனமாகத் திருகினாரோ, அந்த அளவுக்கு அங்கே கோணல்.

ஏப்ரல் முதல் தேதி, புதன்கிழமை, நாற்பத்து மூன்று பக்கக் கோப்போடு மேலாளரைப் பார்த்தார். முதல் பக்கம் பொருளடக்கம். மேலாளர் கெட்டவர் அல்ல. மேலிடத்திலிருந்து புகார் எண்ணிக்கை கேட்டு வந்த அவசரத்தில் எழுதிவிட்டவர். கோப்பின் கனத்தைப் பார்த்ததுமே, சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அப்படியானால் ஒப்படைத்த பையிலிருந்து ரசமட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வரும்படி ரசீது பணிவாகச் சொன்னார்.

பத்தாம் தூணருகே ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. பதினாறாம் தூணருகே வைத்தார். குமிழி மேற்கே ஓடி ஒட்டிக்கொண்டது. மேலாளர் குனிந்து பார்த்தார். கருவியில் கோளாறு இருக்கலாமே என்று ஐயப்பட்டு, தம் சட்டைப்பையிலிருந்த உருண்டைப் பேனாவைத் தரையில் வைத்தார். பேனா ஒரு கணம் யோசித்தது. பிறகு மெதுவாகக் கிளம்பி, வேகமெடுத்து, விற்பனைக்கு நின்ற இரட்டைக் கட்டிலின் அடியில் புகுந்து, கிழக்குச் சுவரில் போய் இடித்தது. அதை எடுக்க மேலாளரும் ரசீதும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரையோடு தரையாகப் படுக்க வேண்டியிருந்தது. கட்டில் வாங்க வந்த தம்பதி மரியாதையாகத் தள்ளி நின்றார்கள்.

பேனாவோடு எழுந்த மேலாளர் சிரித்துவிட்டார்.

"விடுங்கண்ணே. நடந்தது நடந்துபோச்சு. நாளைலேருந்து நீங்க பழையபடி வீடுகளுக்குப் போங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். அந்த மெமோ?"

"அத யாருண்ணே எடுத்துப் படிக்கப் போறாங்க?"

"நான் படிப்பேன் சார்."

மேலாளர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு, பார்க்கலாம் என்றார்.

அடுத்த மூன்று நாட்களில் ரசீது பதினொரு வீடுகளுக்கும் போனார். எல்லா இடத்திலும் வேலை ஒன்றுதான். கீல்களை எதிர்த்திசையில் அரைச் சுற்று, கால் சுற்று. காசை நுழைத்து இழுத்துப் பார்ப்பது. ஆசிரியை வீட்டில் கதவு மூடியபடி நின்றதைக் கால் மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூவரும் கவனித்தார்கள். அது அசையவில்லை. ஆசிரியையின் கணவர் சட்டையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குறை தீர்ந்தது என்று ஆசிரியை கேட்காமலேயே எழுதி, தேதி போட்டு, ஒரு நகலைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். ரசீது வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்து மகிழ்ந்தார்.

மெமோவைப் பற்றி மட்டும் ஒன்றும் வரவில்லை. மேலாளர்தான் வாயால் சொல்லிவிட்டாரே, வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று மனைவி கேட்டாள். வாயால் சொன்னதைக் கோப்பில் வைக்க முடியாது என்றார் அவர். தாம் இல்லாத ஒரு நாளில், தம்மைத் தெரியாத ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்தால் அங்கே அவர் காண்பது அந்த ஒரு சொல்லைத்தான் என்றார். அவள் சற்று யோசித்தாள். பிறகு, எழுதுவதானால் தன் கத்திரியைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கும்படி சொன்னாள்.

ஏப்ரல் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, மாலை தேநீருக்குப் பின் அவர் எழுதி, மகள் பிழை திருத்தி, இரண்டு நகல்களுடன் மேலாளருக்கு நேரில் கொடுக்கப்பட்ட கடிதத்தின் கடைசிப் பகுதி வருமாறு:

"என் பக்கத்துத் தவறு ஒன்று உண்டு. பையில் ரசமட்டம் இருந்தும் அந்தக் கூடத்தில் அதை எடுத்து வைத்துப் பார்க்கவில்லை. அடியில் எதுவும் செருகக் கூடாது என்றபின் மட்டம் பார்த்துப் பயனில்லை என்று நானாக முடிவு செய்தேன். கண்ணுக்கு நேராக இருந்தால் போதும் என்று திருகினேன். இதை நான் ஒப்புக்கொள்கிறேன், பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் இதற்குக் கவனக்குறைவு என்று பெயரிட முடியாது. பதினான்காம் தூணுக்குக் கிழக்கே பூட்டப்படும் அலமாரிகளோடு இனி ஒரு ஃபிட்டரையும் அனுப்ப வேண்டும். அதே இடத்தில் தொங்கும் திரைகளின் கீழ்விளிம்பு கோணலாக இருப்பது தரையால்தான், தைத்தவரின் கத்திரியால் அல்ல என்பதும் குறிக்கப்பட வேண்டும். திரும்பப் பெற்ற கருவிப் பையில் முப்பது உருப்படிகள் சரியாக உள்ளன. பாதி தீர்ந்த பென்சில் ஒன்று குறைகிறது. அது கட்டிலின் அடியில் இருக்கலாம், கிழக்குச் சுவரோரம் பார்க்கவும். மார்ச் பதினேழாம் தேதியிட்ட மெமோவிலிருந்து மேற்கண்ட சொல் நீக்கப்பட்டதா இல்லையா என்பதை, இக்கடிதம் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள், தேதியும் கையொப்பமும் இட்டு, எழுத்து மூலமாகத் தெரிவிக்கும்படி கோருகிறேன்."